எடை கூடுவது ஏன்: கலோரிக் கணக்கா, சாப்பிடும் விதமா?

சாப்பிட்டதில் உடம்பு செலவழித்தது போக மிஞ்சுவதுதான் கொழுப்பாகச் சேர்கிறது. இதற்கு எந்த உடம்பும் விலக்கில்லை. சிக்கல், அந்தக் கணக்கை எழுதுவதில் இருக்கிறது. "குறைத்துத்தான் சாப்பிடுகிறேன், எடை இறங்கவில்லை" என்றவர்களில் 10 பேரை நியூயார்க்கில் சோதித்த ஆய்வு 1992-இல் வெளியானது. உடம்பின் செலவில் கோளாறில்லை. உண்டதில் சராசரியாக 47 சதவீதம் குறிப்பில் ஏறவே இல்லை. அவர்களைப் பொய்யர்கள் என்று சொல்லிவிட முடியாது. தோசைக்கல்லில் சுற்றி ஊற்றும் எண்ணெயை யார் அளக்கிறார்கள்? ஒரு தேக்கரண்டிக்கே 40 கலோரி; நான்கு தோசைக்கு 160.

சாப்பிடும் விதத்தை முன்வைப்பவர்கள் கேட்பது வேறு: இவ்வளவு உள்ளே போனது ஏன்? அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழு 20 பேரைத் தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலைகளில் மிகையாகப் பதப்படுத்திய உணவும், இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவும் கொடுத்தது (2019). பரிமாறியதில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து இரண்டிலும் ஒரே அளவு. வேண்டிய மட்டும் சாப்பிடலாம். முதல் வகையில் நாளுக்குச் சுமார் 500 கலோரி அதிகம் உள்ளே போனது; எடை 0.9 கிலோ ஏறியது. மற்றதில் அதே அளவு இறங்கியது. பதப்படுத்திய உணவை வேகமாகவும் சாப்பிட்டார்கள். அந்த வகையில் நார்ச்சத்தைச் சரிக்கட்ட அதைப் பானத்தில் கலந்ததால், தட்டிலிருந்த உணவில் கலோரி அடர்த்தி (ஒரு கிராமுக்கு உள்ள கலோரி) கூடுதல். வேகம் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. மெதுவாக மென்றாலும் எண்ணெய் குடித்த வடையின் கலோரி குறையாது.

காரணம் தேட, சாப்பிடும் விதத்தைப் பார்ப்பதே உதவும் என்பது என் முடிவு. கலோரிக் கணக்கை மூன்று நாள் தணிக்கையாக வைத்துக்கொள்ளுங்கள். சமையலுக்கு முன்னும் பின்னும் எண்ணெய் பாட்டிலை டிஜிட்டல் தராசில் நிறுத்து, குறைந்த கிராமை 9-ஆல் (ஒரு கிராம் எண்ணெய்க்கு 9 கலோரி) பெருக்கி, ஆட்களுக்கு வகுத்தால் போதும். பொரித்த பிறகு சட்டியில் மிஞ்சிய எண்ணெயைக் கழிக்க மறக்காதீர்கள். பிறகு பழக்கத்துக்கு வாருங்கள்: மிக்சரைக் கிண்ணத்தில் கொட்டி, பாக்கெட்டைக் கட்டி உள்ளே வைத்துவிட்டு உட்காருங்கள். டிவி முன்னால் பாக்கெட்டோடு உட்கார்ந்தால் அளவு தெரியாது.

எடையைக் காலையில் பார்த்து, வாரச் சராசரியை ஒப்பிடுங்கள். ஒரு கிலோ கொழுப்பு சேரச் சுமார் 7,700 கலோரி மிஞ்ச வேண்டும். விருந்துக்கு மறுநாள் ஏறும் ஒரு கிலோவில் பெரும்பகுதி உப்பும் மாவுச்சத்தும் பிடித்துவைத்த தண்ணீரும், இன்னும் வெளியேறாத உணவும்தான்.