மே மாதக் கடைசியில் வீட்டுக்குள் டெட்ராய்ட்: டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே7

மே மாதத்தின் கடைசித் திங்கள் அமெரிக்காவில் மெமோரியல் டே. அதையொட்டிய மூன்று நாளும் டெட்ராய்ட் ஆற்றங்கரையிலுள்ள ஹார்ட் பிளாசாவில் மூவ்மென்ட் என்ற டெக்னோ இசை விழா நடக்கும். 2000-இல் டெக்னோ இசைக்கலைஞர் கார்ல் கிரெய்க்கைக் கலை இயக்குநராகக் கொண்டு, நுழைவுக் கட்டணம் இல்லாமல் தொடங்கிய விழா அது. 2020, 2021 இரண்டு ஆண்டும் நடக்கவில்லை. 2022-இல் திரும்பி வந்தது. நடக்கிற ஆண்டுகளிலும் எல்லாராலும் போய்ச்சேர முடிவதில்லை. போக முடியாதவர்கள் அந்த மூன்று நாளையும் பதிவுகளைக் கேட்டுக் கழிக்கலாம். அதைவிட நெருக்கமான வழி, இசைத்தட்டைச் சுழற்றும் இரண்டு டர்ன்டேபிளும், அவற்றின் ஒலியைச் சேர்க்கும் ஒரு மிக்சரும் வைத்துத் தாங்களே கலப்பது. ஹவுஸ், டெக்னோ என்ற நடன இசை வகைகள் வளர்ந்ததே டெக்னிக்ஸ் நிறுவனத்தின் எஸ்எல்-1200 டர்ன்டேபிளின் மேல்தான். அதன் இன்றைய வடிவமான எம்கே7 அந்த மூன்று நாளைத் தாங்குமா என்று பார்ப்போம்.

எஸ்எல்-1200 முதலில் வந்தது 1972-இல். கிளப்புகளில் நிலைத்தது 1979-இல் வந்த எம்கே2. 2010-இல் தயாரிப்பு நின்றது; 2016-இல் விலையுயர்ந்த ஹைஃபை வடிவமாக மீண்டது. டிஜேக்களுக்கான எம்கே7, 2019-இல் அறிவிக்கப்பட்டது. பெரிய மாற்றம் மோட்டாரில்தான். பழைய மோட்டாரில் இரும்புக் கரு உண்டு. காந்தம் ஒவ்வொரு முனையையும் கடக்கும்போது மிகச் சிறிய உதறல் வரும். எம்கே7-இல் அந்தக் கரு இல்லை. நீண்ட சின்தசைசர் சுரம் ஒன்று நடுங்காமல் நிற்பதில் இது தெரிகிறது. நின்ற நிலையிலிருந்து நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தை எட்ட 0.7 வினாடி. கிக் எனப்படும் பெரிய டிரம் அடி விழும் இடத்தில் தட்டை விரலால் பிடித்து, விட்டவுடன் ஓட வைப்பதற்கு இந்த வேகம் போதும்.

ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜ் பெட்டியில் வராது. தனியாக வாங்கி, ஊசிக் கையின் (டோன்ஆர்ம்) நுனியில் மாட்டும் சாதாரண ஹெட்ஷெல்லில் பொருத்தினால், ஹெட்ஷெல் கழுத்தின் ரப்பர் வளையத்திலிருந்து ஊசிமுனை வரை 52 மி.மீ. இருக்க வேண்டும். இதை அளக்காமல் விடுபவர்கள்தான் தட்டின் உட்பகுதியில் ஹை-ஹேட் கரகரக்கிறது என்று ஊசியைக் குறை சொல்வார்கள். அடுத்து, ஊசி தட்டில் அழுத்தும் எடை. ஊசி தட்டின் நடுவை நோக்கி இழுபடுவதைச் சமன் செய்யும் ஆன்டி-ஸ்கேட்டிங்கை 0-இல் வைத்து, எதிர் எடையைத் திருகி, டோன்ஆர்ம் தராசு முள் போலக் கிடையாக மிதக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அதன்பின் ஆர்மை அதன் தாங்கியில் பூட்டி, எடையை அசைக்காமல் எண் வளையத்தை மட்டும் 0-க்குத் திருப்ப வேண்டும். பிறகு எடையும் வளையமும் சேர்ந்து திரும்பும்படி திருகி, கார்ட்ரிட்ஜ் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்குக் கொண்டுவர வேண்டும். டிஜே கார்ட்ரிட்ஜ்களுக்கு இது பெரும்பாலும் 3 கிராம் அளவில் இருக்கும். ஊசி தாவுகிறது என்று 5 கிராம் ஏற்றுவது தட்டைத் தேய்க்கும் வேலை. தாவலுக்குக் காரணம் பெரும்பாலும் சமனில்லாத மேசை, அல்லது ஊசியில் உருண்டிருக்கும் தூசி. கடைசியாக ஆர்மின் உயரம்: 0 முதல் 6 மி.மீ. வரை நகரும். ஊசி தட்டில் இருக்கும்போது ஆர்ம் தட்டுக்கு இணையாக இருந்தால் சரி.

ஊசியின் மெல்லிய சைகையைப் பெருக்கும் ஃபோனோ பெருக்கி எம்கே7-க்குள் கிடையாது. மிக்சரின் லைன் உள்ளீட்டில் செருகினால் பேஸ் இல்லாத, கொசு ரீங்காரம் போன்ற ஒலிதான் வரும்; ஃபோனோ உள்ளீட்டில் செருக வேண்டும். எர்த் கம்பியை மிக்சரின் திருகில் இணைக்காவிட்டால் ஒரே சீராக 'ம்ம்ம்' என்ற இரைச்சல் நிற்கும். பழைய மாதிரிகளில் கேபிள் உள்ளேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், அறுந்தால் பழுதுக்கடைதான். எம்கே7-இல் ஒலிக் கேபிளும் மின் கேபிளும் கழற்றி மாற்றக்கூடியவை. பயணம் செய்கிறவர்களுக்கு இந்த ஒரு மாற்றமே பெரிய வரம்.

குறை எடையில் இருக்கிறது. எம்கே2 12.5 கிலோ, எம்கே7 9.6 கிலோ. தூக்குவதற்குச் சுகம், பேஸுக்கு எதிரே பலவீனம். டெக்னோவை டெக்னோவாகக் கேட்கும் ஒலியளவில் ஸ்பீக்கரின் அதிர்வு மேசை வழியாக ஊசிக்குத் திரும்பி, அது மறுபடி ஸ்பீக்கருக்குப் போய், அடிவயிற்றில் ஒரு ஊளையாக வளரும். இதைச் சோதிக்க வழி உண்டு. மோட்டாரை நிறுத்தி, நின்ற தட்டின் மேல் ஊசியை வைத்து, ஒலியை மெல்ல ஏற்றுங்கள். மேசையை விரலால் தட்டினால் 'டும்' என்று நீண்டு ஒலிக்கிறதா? அப்படியானால் ஸ்பீக்கரும் டெக்கும் (டர்ன்டேபிள்) ஒரே பரப்பில் இருக்கக் கூடாது. கனமான கல் பலகை ஒன்றை மென்மையான ஃபோம் மேல் வைத்து, அதன் மேல் டெக்கை வைத்தால் பெருமளவு அடங்கும். சப்வூஃபரை அறையின் வேறு மூலைக்கு நகர்த்துவது அதற்கும் மேல். இந்த வேலையைத் தவிர்க்க நினைப்பவருக்கு எம்கே7 ஏமாற்றம்தான் தரும்.

தட்டின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிட்ச் ஸ்லைடர்தான் இந்தக் கருவியின் உயிர். ±8 சதவீதம் போதாவிட்டால் பொத்தானை அழுத்தி ±16 ஆக்கலாம். கணக்கு எளிது: 130 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 130 துடிப்பு) இருக்கும் தட்டை 126-க்கு இறக்க 126-ஐ 130-ஆல் வகுத்தால் 0.969, ஸ்லைடர் −3.1-இல் நிற்க வேண்டும். ஆனால் வேகத்தோடு சுரமும் மாறும். ஏறக்குறைய 6 சதவீதம் என்பது ஒரு அரைச்சுரம். அதனால் 122 பிபிஎம் ஹவுஸிலிருந்து 132 பிபிஎம் டெக்னோவுக்கு ஒரே தாவலில் போகக் கூடாது. குரல் அணில் குரலாகிவிடும். நடுவில் 126, 129 என்று இரண்டு தட்டுகளைப் படியாக வைத்தால் அறை தன்னையறியாமல் ஏறிவிடும். ±16-இல் ஸ்லைடரின் சிறு அசைவும் பெரிய மாற்றமாகிறது. கலக்கும்போது ±8-இலேயே இருப்பது நல்லது. இரண்டு கிக்கும் ஒன்றாகக் கேட்கும்போது ஒரு தட்டின் பேஸை மிக்சரில் முழுக்க இறக்கி, 16 அல்லது 32 பார் (நான்கு துடிப்பு ஒரு பார்) முடிகிற இடத்தில் பேஸை மாற்றிக் கொடுங்கள். இரண்டு பேஸும் சேர்ந்து ஓடினால் வெறும் சேறு.

டெட்ராய்ட் தட்டுகளில் காணக்கூடிய ஒன்று லாக்டு குரூவ், அதாவது ஊசி அதே வட்டத்தில் முடிவில்லாமல் சுற்றும் பள்ளம். 33⅓ வேகத்தில் ஒரு சுற்று 1.8 வினாடி, அதில் 4 கிக் அடங்கினால் சரியாக 133.3 பிபிஎம். ஸ்லைடரை −8-க்கு இறக்கினால் 122.7. ஒரே வட்டம் டெக்னோவாகவும் ஹவுஸாகவும் நடக்கும்! அந்த வட்டத்தை ஒரு டெக்கில் ஓடவிட்டு, இன்னொன்றில் குரல் தட்டைப் போட்டுப் பழகினால் இரண்டு தாளத்தையும் ஒன்றாக்கும் பீட்மேட்சிங் காதில் ஏறும். கலைந்தால் மறுபடி முயல எவ்வளவு நேரமும் இருக்கிறது.

ரான் மர்ஃபி போன்ற, தட்டில் பள்ளம் வெட்டும் டெட்ராய்ட் கலைஞர்களின் கையில், உள்ளிருந்து வெளியே ஓடும் பள்ளங்களும் உருவாயின. அப்படிப்பட்ட தட்டு கிடைத்தால் எம்கே7-இன் ரிவர்ஸ் வசதியைத் தேட வேண்டாம். தட்டு வழக்கம்போல முன்னோக்கித்தான் சுற்ற வேண்டும். ஊசியை லேபிள் அருகே வைத்தால் அது தானே வெளியே நகரும். ரிவர்ஸ் வசதிக்கான சிறு சுவிட்ச், தட்டு உட்காரும் சுழல்மேடையான பிளாட்டருக்கு அடியில் இருக்கிறது. டார்க் (சுழற்றும் விசை), பிரேக் வேகம் இரண்டையும் மாற்றுவதும் அங்கேதான். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டுத்தான் பிளாட்டரைத் தூக்க வேண்டும். நீண்ட கலவைகளுக்குத் தொழிற்சாலை அமைப்பே போதும்.

நல்ல நிலையில் இரண்டு எம்கே2 வைத்திருப்பவர் மாற வேண்டிய அவசியமில்லை. அந்தப் பணத்தில் புது ஊசியும் தட்டுகளும் வாங்கலாம். புதிதாகத் தொடங்குபவர், யார் கையில் என்ன பட்டதென்று தெரியாத பழைய எம்கே2-வைவிட எம்கே7 ஜோடியை நம்பி வாங்கலாம். ஜோடியாக வாங்குவது முக்கியம். ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் இரண்டாவதுக்குச் சேரும்வரை காத்திருங்கள். ஒற்றை டெக்கில் கலவை நடக்காது.