மொபைல் வெல்டிங்குக்கு எந்தப் பிக்கப்? ஒரு குட்டி யானை, ஒரு பொலேரோ, பதினோரு வருஷ அனுபவம்

அறுவடை மெஷின் வயலில் நின்றுவிட்டால் அதைப் பட்டறைக்கு ஓட்டி வர முடியாது. பட்டறைதான் வயலுக்குப் போக வேண்டும். மன்னார்குடிப் பக்கம் நான் பார்க்கும் வெல்டிங் வேலையில் முக்கால்வாசி இப்படித்தான். குறுவை அறுப்பு செப்டம்பர், அக்டோபரில். சம்பா, தாளடி அறுப்பு பொங்கலை ஒட்டி ஆரம்பிக்கும். அந்த இரண்டு சீசனிலும் பெல்ட்டில் ஓடும் அறுவடை மெஷின் (பெல்ட் வண்டி), டயரில் ஓடுவது (டயர் வண்டி) எல்லாவற்றுக்கும் ராத்திரி பகல் பார்க்காமல் ஓட வேண்டும். மற்ற மாதங்களில் ஜேசிபி பக்கெட், டிராக்டர் டிப்பர், அரிசி ஆலை எலிவேட்டர், செங்கல் சூளை என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கும்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாய் வரும் தம்பிகள் போன் போட்டு, "அண்ணே, எந்த வண்டி எடுக்கலாம்?" என்பார்கள். "உன் மெஷின் எத்தனை கிலோ?" என்று திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் பதில் வராது. 2014இல் என்னை யாராவது கேட்டிருந்தால் எனக்கும் பதில் தெரிந்திருக்காது.

அப்போது என்னிடம் இருந்தது இரண்டு சிலிண்டர் டீசல் இன்ஜினோடு நேராக இணைத்த 400 ஆம்பியர் வெல்டிங் ஜெனரேட்டர். பழைய செட், ஆனால் 4 மில்லி வெல்டிங் ராடு போட்டு நாள் முழுக்க இழுத்தாலும் சலிக்காது. அதை ஏற்ற செகண்ட் ஹேண்டில் ஒரு டாடா ஏஸ் வாங்கினேன். குட்டி யானை என்றால்தான் எங்கள் ஊரில் தெரியும். சந்து பொந்தில் நுழைந்து திரும்ப அதை மிஞ்ச ஆளில்லை. அது சுமக்க வேண்டியது முக்கால் டன். நான் என்ன ஏற்றினேன் என்பது ஒரு நாள் அரிசி ஆலை எடை மேடையில் சும்மா ஏற்றிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. செட் மட்டும் 780 கிலோ. ஆக்சிஜன் சிலிண்டர் இரண்டு, கேஸ் சிலிண்டர் ஒன்று சேர்த்து 160. கேபிள், கிரைண்டர், டிரில்லிங் மெஷின், வைஸ், செயின் பிளாக், ஜாக்கி எல்லாம் 150. டீசல், தண்ணீர் 40. மிச்சம் இரும்பு. இந்த இரும்புதான் எல்லோரும் கணக்கில் விடுவது. 10 மில்லி பிளேட் ஒரு சதுர மீட்டருக்கு 78 கிலோவுக்கு மேல். 50க்கு 50, 6 மில்லி ஆங்கிள் மீட்டருக்கு நாலரைக் கிலோ. "அவசரத்துக்கு இருக்கட்டும்" என்று போட்டு வைத்த துண்டு துக்கடாவே 130 கிலோ இருந்தது. மொத்தம் 1,260. முக்கால் டன் வண்டியில் ஒன்றேகால் டன்.

இழுத்தது. அதுதான் ஆபத்தே. இன்ஜின் முக்கினாலும் நகர்ந்துவிடும், நிற்கச் சொன்னால்தான் நிற்காது. நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் முன்னால் நின்ற நெல் லாரிக்கு ஒரு முழம் தள்ளி நின்றேன், அதுவும் ஹேண்ட் பிரேக்கையும் சேர்த்து இழுத்து. பாரம் தாங்கும் பின் கமான் பட்டை அதற்குள் இரண்டு தடவை உடைந்திருந்தது. குற்றம் வண்டியுடையது இல்லை. முக்கால் டன் வண்டியிடம் ஒன்றேகால் டன் வேலை வாங்கியவன் நான்.

2018 கடைசியில் புது வண்டி பார்க்க ஆரம்பித்தேன். ஒன்றேகால் டன்னுக்குக் கீழே எதையும் பார்ப்பதில்லை என்று முடிவாகிவிட்டது. அசோக் லேலண்ட் தோஸ்த் நல்ல வண்டி. ஓசூரில் செய்வது, மூன்று சிலிண்டர் ஒன்றரை லிட்டர் இன்ஜின், சுமை 1,250 கிலோ. ஓட்ட சுகமாக இருந்தது. டவுனுக்குள் கேட், கிரில் வேலை மட்டும் பார்ப்பவராக இருந்தால் அதையே எடுத்திருப்பேன். இசுசு டி-மேக்ஸும் பார்த்தேன். ஸ்ரீசிட்டியில் செய்கிறார்கள், கார் மாதிரி இருக்கிறது. ஆனால் விலை வித்தியாசத்துக்கு நான் இன்னொரு மெஷின் வாங்கிவிடலாம். கடைசியில் எடுத்தது மஹிந்திரா பொலேரோ பிக்கப், 1.3 டன் வகை. 2019 ஜனவரியில் எல்லாம் சேர்த்து ஏழே முக்கால் லட்சம் ஆயிற்று.

எனக்கு அதில் பிடித்தது இரண்டே விஷயம். ஒன்று, இரண்டரை லிட்டர் நாலு சிலிண்டர் இன்ஜின் சீட்டுக்கு அடியில் இல்லாமல் முன்னால் பானட்டுக்குள் இருக்கிறது. பின்னால் பாரம் ஏற்றுகிறவனுக்கு முன்னால் கனம் இருப்பது எவ்வளவு நல்லது என்பதைக் கீழே சொல்கிறேன். இன்னொன்று, எங்கள் பக்கம் எந்தப் புளிய மரத்தடியில் நின்றாலும் அந்த வண்டியைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக் ஒருவர் இருப்பார்.

ஒன்றே முக்கால் டன் வகையையும் எடுக்கச் சொன்னார்கள். வேண்டாம் என்றேன். மோட்டார் வாகனச் சட்டப்படி மொத்த எடை, அதாவது வண்டியும் சுமையும் சேர்ந்து 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை. பெரிய வகை அந்தக் கோட்டைத் தாண்டிவிடும். எந்த மாடல் எடுத்தாலும் பணம் கட்டும் முன் இந்த எண்ணை ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். லைசென்ஸ் பற்றியும் நிறையப் பேர் பயப்படுகிறார்கள். 7,500 கிலோவுக்குள் இருக்கிற சரக்கு வண்டியைச் சாதாரண எல்எம்வி (இலகு ரக வாகன) லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வும் அதையே உறுதி செய்தது. எப்சி, அதாவது வண்டியின் தகுதிச் சான்று, அதை மட்டும் மறக்கக் கூடாது. முதல் எட்டு வருஷம் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, அப்புறம் வருஷா வருஷம்.

வண்டி வந்ததும் செய்த முதல் காரியம் தப்பு. பாடி கட்டுகிற ஒரு இடத்தில் விட்டு, செட்டைப் பின் கதவை ஒட்டி மாட்டச் சொன்னேன். ஹேண்டில் போட்டு ஸ்டார்ட் செய்ய வசதி, புகையும் வெளியே போய்விடும் என்று ஒரு நினைப்பு. ஓட்டிப் பார்த்தால் ஸ்டீயரிங் காற்றில் மிதக்கிற மாதிரி இருந்தது. மழையில் ஒரு வளைவில் முன் சக்கரம் நான் சொன்ன பக்கம் போகாமல் நேரே போகப் பார்த்தது.

திரும்பவும் அரிசி ஆலைக்கே போனேன். எடை மேடையில் முன் சக்கரம் மட்டும் ஏறி நிற்க வேண்டும், எடை பார்க்க வேண்டும். அப்புறம் முழு வண்டியும் ஏற வேண்டும். இரண்டையும் கழித்தால் பின் அச்சு எடை வந்துவிடும். முன்னால் 870 கிலோதான் இருந்தது. சுமையே இல்லாமல் இருந்ததைவிடக் குறைவு! கணக்குப் போட்டால் காரணம் எளிது. அச்சுக்கு அச்சு சுமார் 3 மீட்டர். செட்டின் நடுப்பகுதி பின் அச்சுக்கு 60 சென்டிமீட்டர் பின்னால். 780ஐ 0.6ஆல் பெருக்கி 3ஆல் வகுத்தால் 156. அவ்வளவு கிலோவை அந்தச் செட் முன் சக்கரத்திலிருந்து தூக்கிக்கொண்டிருந்தது, சீசா பலகை மாதிரி. செட்டை ஒரே ஒரு மீட்டர் முன்னால் நகர்த்தி, பின் அச்சுக்கு 40 சென்டிமீட்டர் முன்னால் வைத்தேன். 870 இருந்த இடத்தில் 1,130 வந்தது. அன்றைக்குத்தான் அது எனக்கு வண்டியாகத் தெரிந்தது.

செட்டைத் தரையோடு வெல்டிங் அடிக்கவில்லை. வெல்டரே இப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் வண்டியின் அடிச்சட்டமான சேஸில் சூடு காட்டினால் அந்த இடம் பலவீனமாகும், பிற்பாடு அங்கேதான் விரிசல் விடும். குறுக்குச் சட்டத்துக்கு அடியில் தடித்த பிளேட் கொடுத்து, நடுவில் ரப்பர் மெத்தை வைத்து நாலு போல்ட். எப்சிக்குப் போகும்போது செயின் பிளாக்கில் தூக்கி இறக்கிவிடுவேன், அரை மணி நேர வேலை.

சிலிண்டர்கள் கேபினை ஒட்டி, நிற்க வைத்து, கூண்டுக்குள் சங்கிலி போட்டு. செட்டின் புகைக் குழாய் எந்தப் பக்கமோ அதற்கு எதிர்ப் பக்கம். வண்டி நகரும்போது ரெகுலேட்டர் மாட்டியிருக்கக் கூடாது. வால்வை மூடி, கழற்றி, மூடி திருகிவிட்டுத்தான் சாவி போட வேண்டும். ஆக்சிஜன் வால்வில் கிரீஸ் கையைக் கொண்டுபோகாதே என்று உதவிக்கு வரும் பையனிடம் தினமும் சொல்கிறேன். தினமும் சொல்ல வேண்டியிருக்கிறது. கேஸ் கட்டிங்குக்கு அசிட்டிலீன் வைத்திருப்பவர்கள் அதைப் படுக்க வைத்து ஓட்டவே கூடாது. உள்ளே இருக்கிற அசிட்டோன் வெளியே வந்துவிடும்.

2021இல் பழைய செட்டின் தாங்குதிறனும் என் பொறுமையும் ஒன்றாக முடிந்தன. இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷினுக்கு மாறினேன். 20 கிலோகூட இல்லாத பெட்டி, பழைய செட் செய்த வேலையைச் செய்கிறது. ஆனால் அதற்குக் கரண்ட் கொடுக்கும் ஜெனரேட்டரில்தான் எல்லோரும் வழுக்குகிறார்கள், நானும் வழுக்கினேன். இரவல் வாங்கிய 5 கேவிஏ (கேவிஏ என்பது ஜெனரேட்டர் திறனின் அளவு) ஜெனரேட்டரில் மாட்டினேன். 3.15 ராடு பரவாயில்லை. 4 மில்லி ராடைத் தொட்டதும் ஜெனரேட்டர் முனகி, ஆர்க் படக்கென்று அறுந்தது. 160 ஆம்பியரில் ஆர்க் வோல்டேஜ் 26 அளவில் இருக்கும். பெருக்கினால் 4.2 கிலோவாட். மெஷினுக்குள் இழப்பைச் சேர்த்தால் 5. பவர் ஃபேக்டர், அதாவது இழுக்கும் கரண்டில் வேலைக்கு ஆகும் பங்கு, 0.7 என்று வைத்து வகுத்தால் 7 கேவிஏ. 5 எப்படித் தாங்கும்? இப்போது இருப்பது 1,500 ஆர்பிஎம்மில் ஓடும் 10 கேவிஏ டீசல் செட், 410 கிலோ. வோல்டேஜ் சீராக்கும் ஏவிஆர் வேலை செய்கிறதா என்று பார்க்காமல் இன்வெர்ட்டரை மாட்டாதீர்கள். உள்ளே இருக்கிற எலக்ட்ரானிக் கார்டு போனால் அன்றைய வேலையும் போயிற்று.

இந்த மாற்றத்தில் 350 கிலோ இறங்கியது. அமெரிக்கப் பைப்லைன் வெல்டர்கள் பின்னால் இரட்டைச் சக்கரம் போட்ட ஒரு டன் பிக்கப்பில் சுற்றும் வீடியோவைப் பார்த்து ஏங்கிய காலம் உண்டு. இன்வெர்ட்டர் வந்த பிறகு அந்த ஏக்கம் போய்விட்டது.

வண்டிக்கு வந்த ஒரே பெரிய சேதம் எங்கள் கையால் வந்தது. பின் பம்பரில் வைஸ் மாட்டியிருந்தேன். பையன் எர்த் கிளாம்ப்பை வைஸில் மாட்டாமல் சேஸில் எங்கேயோ மாட்டிவிட்டான். வைஸுக்கும் சேஸுக்கும் நடுவே பெயிண்ட். கரண்ட் தனக்குப் பிடித்த வழியில் போயிற்று. பேட்டரி எர்த் ஒயர் உருகி, பின் விளக்கு ஒயரிங் கருகி 4,000 ரூபாய். இப்போது வைஸ் தனி ஸ்டாண்டில் தரையில் நிற்கிறது. புது ரக வண்டிகளில் கம்ப்யூட்டர் இருக்கிறது, 4,000த்தோடு நிற்காது.

சேற்றைச் சொல்லாமல் விடக் கூடாது. பின் சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டி களிமண்ணில் என்ன ஆகுமோ அதுதான் ஆகும். ஒரு அக்டோபர் மழையில் வாய்க்கால் கரையில் வழுக்கி, பாதி வயலில் இறங்கி நின்றேன். கன்வேயர் செயின் கண்ணி உடைந்த பெல்ட் வண்டியைச் சரிசெய்து முடித்த பிறகு, அதே பெல்ட் வண்டிதான் என்னை வெளியே இழுத்துப் போட்டது. அதன் டிரைவர், இழுத்ததற்கு என் கூலியில் கழித்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அன்றிலிருந்து இரண்டு சவுக்குப் பலகையும் ஒரு இழுவைக் கயிறும் வண்டியிலேயே கிடக்கின்றன. நாலு சக்கரமும் இழுக்கும் வண்டிக்கு ஆசைதான், வருஷத்தில் பத்து நாள் தேவைக்கு மனசு வரவில்லை.

மற்றபடி ஆறு வருஷத்தில் 1,18,000 கிலோமீட்டர். சுமையோடு லிட்டருக்கு 11, சும்மா போனால் 14. கிளட்ச் ஒரு தடவை, டயர் இரண்டு செட், கமான் பட்டை ஒன்றுகூட இல்லை. சுமை இல்லாமல் ஓட்டினால் முதுகு பேசும். கமான் பட்டை வண்டி எல்லாமே அப்படித்தான்.

இன்றைய 410 கிலோ செட்டோடு புதிதாகத் தொடங்குகிறவருக்கு இவ்வளவு பெரிய வண்டி தேவையா? டவுன் வேலை என்றால் தேவையில்லை. என் மாதிரி வயலுக்குப் போகிறவர் எடுக்கட்டும். இறங்கிய 350 கிலோவில் பாதியை நான் ஏற்கெனவே இரும்பால் நிரப்பிவிட்டேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் இரட்டை கேபின் உள்ள கேம்பரை எடுத்திருக்கலாமோ என்று தோன்றும். ஜேசிபி பக்கெட்டுக்கு 7018 என்ற வகை வெல்டிங் ராடு வேண்டும். அதில் ஈரம் ஏறினால் வெல்டு பிற்பாடு விரிசல் விடும், மழைக் காலத்தில் வண்டியின் பின்பக்கம் எங்கே வைத்தாலும் ஈரம் ஏறுகிறது. அதனால் மூடி இறுகிய பெட்டியில் போட்டுக் கேபினுக்குள் வைக்கிறேன். சீட்டுக்கு அடியில் அது நுழையவில்லை. பையன் மடியில் வைத்துக்கொண்டுதான் வருகிறான்.