படுக்கப்போட்டு வார்த்த சுவர்: கும்மிடிப்பூண்டியில் நான் ஏமாந்த கதை

குடோன் கட்டப் போய்க் கையைச் சுட்டுக்கொண்டவன் நான். செங்கல் சுவரெல்லாம் பழங்கதை, டில்ட்-அப் முறையில் நாற்பதே நாளில் முடித்துத் தருகிறோம் என்று வந்த ஒரு நிறுவனத்திடம் சிக்கினேன். விவகாரம் வழக்கறிஞரிடம் இருப்பதால் பெயரைச் சொல்லவில்லை. அதே ஆட்கள் இப்போது ஒரகடம் பக்கம் விலைப்புள்ளி கொடுத்துவருவதாகக் கேள்விப்பட்டதால்தான் எழுதுகிறேன்.

முறையைக் குறை சொல்லவில்லை. தரைத்தளத்தையே அச்சாக வைத்து, அதன்மேல் சுவரைப் படுத்த வாக்கில் வார்த்து, இறுகியதும் கிரேனால் நிமிர்த்துவார்கள். அமெரிக்காவில் நூறு ஆண்டுகளுக்கு மேலாக இப்படிக் கட்டுகிறார்கள். எனக்குப் போட்ட சுவர் ஒவ்வொன்றும் 7 மீட்டர் உயரம், 5 மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் கனம். எடை 13 டன். அதைத் தூக்குவது விளையாட்டல்ல என்பது எனக்கே தெரிந்தது; அவர்களுக்குத்தான் தெரியவில்லை.

சுவர் தரையோடு ஒட்டாமல் இருக்க அதற்கென்றே விற்கும் பூச்சைப் பூச வேண்டும். இவர்கள் லாரியில் வடித்த பழைய ஆயிலைத் துடைப்பத்தால் இழுத்துவிட்டார்கள். கம்பி வலையைத் தரையிலிருந்து தூக்கிப் பிடிக்க அடியில் வைக்கும் கவர் பிளாக் இல்லை, ஜல்லித் துண்டுகள். ஆட்கள் ஏறி மிதித்ததில் வலை தரையோடு படிந்துவிட்டது. கேட்டேன். "கான்கிரீட் கொட்டும்போது தூக்கிவிடுவோம் சார்" என்றார் மேஸ்திரி. தூக்கவில்லை.

நான்காம் நாளே கிரேன் வந்து நின்றது. நாள் வாடகையாம், காக்க வைக்க முடியாதாம். முதல் சுவர் எழும்போதே தரையின் மேல்தோலைப் பிய்த்துக்கொண்டு எழுந்தது. மூன்றாவது சுவர் பாதி நிமிர்ந்தபோது மரக்கிளை முறிவதுபோல ஒரு சத்தம். நிறுத்திய பிறகு ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். சரியாகச் சுவரின் பாதி உயரத்தில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வெடிப்பு ஓடியிருந்தது. என் ஏடிஎம் அட்டையின் விளிம்பு அதற்குள் போனது. அரை மணி நேரத்தில் சிமெண்ட் பால் அடித்து மறைத்துவிட்டு, "மயிரிழை வெடிப்பு, எல்லா இடத்திலும் வரும்" என்றார்கள். வாய் கூசவில்லை.

வேலையை நிறுத்திவிட்டு, ஓய்வுபெற்ற கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை அழைத்துவந்தேன். அவர் வெடிப்பைப் பார்க்கவே இல்லை. முதலில் வரைபடத்தைக் கேட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கீழ்மூலையில் பொடி எழுத்தில் இருந்த ஒரு வரியில் விரலை வைத்தார். காற்றின் அடிப்படை வேகம், நொடிக்கு 39 மீட்டர்.

"இது கோயம்புத்தூர்க் கணக்கு தம்பி. உங்களுக்கு 50."

கட்டடங்கள் தாங்க வேண்டிய காற்றுச் சுமைக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதியில் சென்னைக்கு 50, கோவைக்கு 39. பதினொன்றுதானே வித்தியாசம் என்று நினைத்தேன். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கமாக ஏறும் என்று அவர் தாளில் போட்டுக் காட்டினார். 39-க்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 93 கிலோ. 50-க்கு 153 கிலோ. 2016-இல் வர்தா புயலில் பக்கத்து ஆலையின் கூரைத் தகடுகள் என் மனைக்குள் வந்து விழுந்ததை நான் பார்த்தவன்.

அதைவிட என்னை உறைய வைத்தது அடுத்த கணக்கு. படுத்திருக்கும் சுவரின் சொந்த எடையே சதுர மீட்டருக்கு 375 கிலோ. அதாவது புயலைவிட இரண்டு மடங்குக்கு மேல் பாரத்தை அது தாங்க வேண்டியது தூக்கப்படும் அந்தச் சில நிமிடங்களில்தான். அதற்காகவே கொக்கிகளைச் சுவரின் முகத்தில், கணக்குப் போட்டு, உட்தள்ளிப் பதிக்க வேண்டும். அப்படிச் செய்தால் சுவரை வளைக்கும் விசை பாதியைவிடக் குறைந்துவிடும். இவர்கள் தலை விளிம்பில் இரண்டே கொக்கி வைத்து, 7 மீட்டரையும் ஒரே வீச்சில் தூக்கியிருக்கிறார்கள். நடுவில் முறியாமல் என்ன செய்யும்? போதாக்குறைக்கு நான்கு நாள் கான்கிரீட். அதே கான்கிரீட்டைச் சிறு கனசதுரமாக வார்த்து நசுக்கி வலிமை பார்க்கும் கியூப் சோதனையின் அறிக்கை ஒன்றைக் கொடுத்தார்கள்; சோதித்தது ஏழாம் நாளாம். சுவர் எழுந்து மூன்று நாள் கழித்து! கியூப் அச்சு ஒன்றைக்கூட நான் தளத்தில் கண்டதில்லை.

நிமிர்த்திய சுவர் சாயாமல் தாங்கும் முட்டுக்குழாயும் சுவருக்கு ஒன்றுதான். கூரை இரும்புடன் இணைக்கும்வரை குறைந்தது இரண்டு முட்டுகள் நிற்க வேண்டும் என்றார் பொறியாளர். அன்று மாலையே சொந்தச் செலவில் வாடகைக்கு எடுத்துப் போட்டேன்.

தொகையில் அறுபது சதவீதம் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்றிருந்தேன். வணிக நோக்கத்துக்கான கட்டடம் என்பதால் அங்கே நிற்பது கடினம் என்றார் வழக்கறிஞர். வணிக நீதிமன்றம்தான், அதற்கும் முன்னால் சமரச முயற்சி கட்டாயம்.

அவர் சொன்னபடி, சுவர் வடிவமைப்பின் கணக்குத் தாள்களையும் தூக்குவதற்கான தனிக் கணக்கையும் எழுத்து மூலம் கேட்டேன். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டிருக்க வேண்டியது. ஐந்து நாள் கழித்துக் கூரியரில் ஓர் உறை வந்தது. கணக்கு ஒன்றும் இல்லை. அதே வரைபடம், மூலையில் 39-ஐ வெள்ளை மையால் அழித்து 50 என்று எழுதியிருந்தார்கள். கம்பியின் அளவும் இடைவெளியும் அப்படியே இருந்தன.