ஹெட்செட்டா, ஓப்பன் பேக்கா, காதுக்குள் செருகும் ஐஇஎம்மா?

துப்பாக்கிச் சண்டை விளையாட்டான வேலரண்ட் ஆடும்போது எனக்கு வேண்டியது ஒன்றுதான்: வருகிறவன் இடப்பக்கமா வலப்பக்கமா, எவ்வளவு பக்கத்தில் என்று காலடிச் சத்தத்திலேயே தெரிய வேண்டும். பாஸ் அதிருகிறதா, விளக்கு எரிகிறதா என்பதெல்லாம் அப்புறம்.

முதலில் எல்லோரும் வாங்குகிற ஹைப்பர்எக்ஸ் கிளவுட் 2. 2015இல் வந்த பழைய ஆள். 53 மி.மீ. டிரைவர் (உள்ளே ஒலி எழுப்பும் குட்டி ஸ்பீக்கர்), கழற்றி மாட்டும் மைக், யுஎஸ்பி பெட்டியில் ஒரு 7.1 பட்டன் (சுற்றிலும் ஸ்பீக்கர் இருப்பது போலக் கேட்க வைக்கும் சரவுண்ட்). மைக்கோடு ஒரே பெட்டியில் வேலை முடிந்துவிடுகிறது, அதுதான் இதன் பலம். ஆனால் அந்த 7.1ஐ நம்பி வாங்காதீர்கள். உள்ளே காதுக்கு ஒரு டிரைவர்தான், மற்றதெல்லாம் மென்பொருள் வித்தை. ஒரு சத்தம் எந்தக் காதுக்கு முந்தி வருகிறது, எதில் பலமாக விழுகிறது, காது மடலில் பட்டு எப்படி மாறுகிறது என்பதைக் கணக்குப் போட்டுத் திசை காட்டும் எச்ஆர்டிஎஃப் வசதி வேலரண்ட் செட்டிங்ஸிலேயே இருக்கிறது. அதன் மேல் 7.1ஐயும் போட்டால் ஒரே சத்தத்தை இரண்டு பேர் திருத்திய மாதிரி குழம்பிப்போகும். ஏதாவது ஒன்றை அணைத்துவிடுங்கள்.

அடுத்தது சென்ஹைசர் எச்டி 560எஸ். பின்பக்கம் திறந்த ஓப்பன் பேக். சத்தம் தலைக்குள் அடைந்து கிடக்காமல் வெளியே விரிகிறது, தூரம் பிடிபடுகிறது, 240 கிராம்தான் என்பதால் மூன்று மணி நேரம் போட்டாலும் தலை வலிக்கவில்லை. திசை அறிய மூன்றிலும் இதுதான் எனக்கு முதலிடம். சிக்கல் என்னவென்றால் மின்விசிறி இரைச்சல், குக்கர் விசில் எல்லாமே உள்ளே வரும், நம் சத்தம் வெளியே போகும். மைக் கிடையாது, தனியாக வாங்க வேண்டும். மின்தடை 120 ஓம் என்பதால் சில போன்களில் சத்தம் போதாது.

மூன்றாவது மூன்ட்ராப் சூ 2 மாதிரி ஐஇஎம். மற்ற இரண்டின் விலையோடு பார்த்தால் இது சில்லறை. மே மாதச் சென்னை வெயிலில் தோல் பஞ்சு வைத்த ஹெட்செட்டைப் போட்டு ஆடியவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும், காது வேர்க்காது, கண்ணாடிக் காம்பும் அழுத்தாது. ரப்பர் முனை சரியான அளவில் இருந்தால் விசிறிச் சத்தமும் பாதி அடங்கிவிடும் (தளர்வாக இருந்தால் பாஸே போய்விடும், கூட வரும் மூன்று அளவையும் போட்டுப் பாருங்கள்). பெரிய போட்டி மேடைகளில் வீரர்கள் கூட்டத்தின் இரைச்சலை அடக்க, உள்ளே இதைச் செருகி, மேலே பெரிய ஹெட்செட்டையும் மாட்டிக்கொள்வது சும்மா இல்லை.

புளூடூத்தைப் போட்டியிலேயே சேர்க்கவில்லை. ஒரு இயர்பட்ஸைப் போட்டு போனில் பிஜிஎம்ஐ என்ற துப்பாக்கி விளையாட்டை ஆடினேன். சுட்டவன் சத்தம் வந்து சேர்வதற்குள் செத்தேவிட்டேன். போதாக்குறைக்கு, மைக்கை இயக்கினால் ஒலி பழைய தொலைபேசித் தரத்துக்கு இறங்கிவிடும். ஒயர் வேண்டாம் என்றால் 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிள் (யுஎஸ்பியில் செருகும் சின்ன ரிசீவர்) உள்ளதை வாங்குங்கள், தாமதம் கண்டுபிடிக்கவே முடியாது.

தனி அறையும் மைக்குக்குக் காசும் இருந்தால் ஓப்பன் பேக். நண்பர்களோடு பேசிக்கொண்டே ஆடுகிறவர், ஒரே பொருளில் முடிய வேண்டும் என்றால் கிளவுட் 2. மற்ற எல்லோருக்கும் ஐஇஎம்மும் ஒரு மலிவான மேசை மைக்கும். எனக்கு ஓப்பன் பேக்தான் பிடிக்கும், ஆனால் பக்கத்துக் கட்டிலில் தம்பி தூங்குகிறான். அதனால் இரவு பத்துக்கு மேல் ஐஇஎம்தான்.