பன்னிரண்டு வயதுக் கணினியும் ஒரு நாற்பது பக்க நோட்டும்

எங்கள் வீட்டுக் கணினியை 2013 டிசம்பரில் சென்னை ரிச்சி தெருவில் பாகம் பாகமாகச் சொல்லிப் பொருத்தி வாங்கினோம். இன்டெல் ஐ3-3220, எச்61 மதர்போர்டு, 4 ஜிபி டிடிஆர்3 ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். மானிட்டரோடு 23,000 ரூபாய்ச் சொச்சம் ஆனது. ராம் எவ்வளவு, டிஸ்க் எவ்வளவு என்று அரை மணி நேரம் பேசினோம். கேபினெட்டோடு சேர்ந்தே வந்த எஸ்எம்பிஎஸ், அதாவது பாகங்களுக்கெல்லாம் மின்சாரம் கொடுக்கும் பெட்டி, எப்படிப்பட்டது என்று கடைக்காரரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

நான் வீட்டிலிருந்தே புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்க்கிறேன். பிடிஎஃப் ஒரு பக்கம், திருத்தப்பட்டியல் ஒரு பக்கம், நடுவில் அகராதி. இதற்குப் பெரிய கணினி தேவையில்லை. முதல் எட்டு வருடம் ஒரு குறையும் இல்லை. 2020இல் மகளின் ஆன்லைன் வகுப்புக்காக இன்னொரு 4 ஜிபி ராம் போட்டதைத் தவிரத் திருப்புளியே எடுத்ததில்லை.

2022 ஏப்ரலில் ஆரம்பித்தது. காலையில் உட்கார்ந்து ஏழெட்டுப் பக்கம் பார்த்திருப்பேன். திரை அப்படியே நின்றுவிடும். மவுஸ் நகராது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் அதன் கடைசித் துணுக்கு ‘ட்ர்ர்ர்ர்’ என்று ஒரே சத்தமாக இழுக்கும். பவர் பொத்தானை அமுக்கிப் பிடித்து அணைத்துவிட்டு மறுபடி போட வேண்டும். ஒரு நாள் இரண்டு முறை, அப்புறம் நான்கு நாள் ஒன்றுமே இருக்காது. தினமும் வரும் காய்ச்சலுக்கு மருந்து உண்டு. இது விட்டு விட்டு வரும் ரகம்.

"ஃபார்மேட் போட்டா சரியாயிடும்" என்றார் என் வீட்டுக்காரர். நம் ஊரில் கணினிக்கு எது வந்தாலும் முதல் கஷாயம் அதுதான். 500 ரூபாய் கொடுத்து விண்டோஸ் 10ஐப் புதிதாகப் போட்டோம். மூன்றாம் நாள் காலை மறுபடி ‘ட்ர்ர்ர்’. ஃபார்மேட்டுக்கு முன்னால் செய்திருக்க வேண்டிய ஒரு காரியத்தை இதற்குப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்: விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸை ஒரு பென் டிரைவில் ஏற்றி, ஹார்ட் டிஸ்கைத் தொடாமல் அதிலிருந்தே இரண்டு நாள் ஓட்டிப் பார்ப்பது. அதிலும் நின்றால் விண்டோஸ்மேல் பழி இல்லை. ஓட்டினேன். நின்றது. 500 ரூபாய் போனதுதான் மிச்சம்.

அடுத்த சந்தேகம் சூடு. பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினால், பிராசசர் மேலிருக்கும் அலுமினியச் சீப்புக்கும் விசிறிக்கும் நடுவில் தலையணைப் பஞ்சு மாதிரி தூசு அடைத்திருந்தது. மூலையில் ஒரு பல்லி, காய்ந்து போய், அப்பளமாக. தூரிகையால் தட்டி, ப்ளோயரால் ஊதி, பிராசசரின் சூட்டைச் சீப்புக்குக் கடத்தும் பேஸ்ட் காய்ந்திருந்ததைத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தடவினேன். இந்த விசிறியின் நான்கு பிளாஸ்டிக் முளைகளும் ‘டக்’ என்று பலகைக்குள் இறங்க வேண்டும். ஒன்று இறங்காவிட்டாலும் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு பழையபடி சூடேறும். எனக்கு மூன்று தடவை ஆனது. வேலை நேரத்தில் 80 டிகிரியைத் தொட்டுக்கொண்டிருந்த பிராசசர் 55க்கு வந்தது. சத்தமும் பாதியாகக் குறைந்தது. உறைவது மட்டும் குறையவில்லை.

பிறகு ராம். ராம் துண்டைக் கழற்றி, அடியிலிருக்கும் தங்க நிறப் பட்டைகளைப் பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டுவது ஊருக்கே தெரிந்த வைத்தியம். மகளின் ரப்பரை வாங்கித் தேய்த்தேன். ஒரே ஒரு நாள் கூட நிற்கவில்லை. ஒரு வாரம், பத்து நாள், பதினோரு நாள். பார்க்கிறவர்களிடமெல்லாம் ரப்பரின் பெருமையைச் சொன்னேன். பன்னிரண்டாம் நாள் நின்றது. ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ நிரலை இரவு முழுக்க ஓட விட்டேன். நான்கு சுற்றிலும் ஒரு பிழை இல்லை. அப்படியானால் அந்தப் பதினோரு நாள் எப்படி நன்றாக ஓடியது? அந்தக் கேள்வியை நான் ஒரு வருடம் கழித்துத்தான் கேட்டேன்.

அதற்குள் நிலைமை மோசமானது. இப்போது மாலையிலும் நின்றது, ஆனால் வேறு விதமாக. மவுஸ் நகரும், எதைச் சொடுக்கினாலும் திறக்காது. அரை நிமிடம், சில சமயம் இரண்டு நிமிடம் கழித்துத் தானாக விழித்துக்கொண்டு, நான் அமுக்கியதையெல்லாம் வரிசையாகத் திறக்கும். இரண்டையும் ஒரே நோய் என்று எடுத்துக்கொண்டதுதான் நான் செய்த பெரிய தப்பு. ஒன்றுக்கு மருந்து கொடுத்தால் மற்றது வந்து "இன்னும் சரியாகவில்லை" என்று சொல்லும். உடனே கொடுத்த மருந்து தப்பு என்று நினைத்துவிடுவேன்.

2023 ஜனவரியில் மகளின் பள்ளி நோட்டு ஒன்றில், நாற்பது பக்கம், எழுத ஆரம்பித்தேன். தேதி, மணி, என்ன செய்துகொண்டிருந்தேன். கூடவே இரண்டு அடையாளம். ஒன்று, கீபோர்டின் ‘நம் லாக்’ (Num Lock) விசை. திரை நின்றதும் அதை அமுக்கினால் கீபோர்டு விளக்கு அணைந்து எரிகிறதா? எரிந்தால் உள்ளே உயிர் இருக்கிறது, ஏதோ ஒன்றுக்காகக் காத்திருக்கிறது. அசையவில்லை என்றால் மொத்தமும் போய்விட்டது. இரண்டாவது, கேபினெட் முகப்பிலிருக்கும் டிஸ்க் விளக்கு: இமைக்காமல் எரிகிறதா, அணைந்திருக்கிறதா? காசு செலவில்லாத இந்த இரண்டு பரிசோதனையும் அதுவரை செய்த எல்லாவற்றையும் விட அதிகம் சொன்னது.

ஒரு மாதத்தில் நோட்டு இரண்டாகப் பிரிந்தது. மாலை நேரத்து உறைவுகளில் நம் லாக் வேலை செய்தது, டிஸ்க் விளக்கு இமைக்காமல் எரிந்தது. காலை உறைவுகளில் இரண்டும் செத்துக் கிடந்தன.

மாலைக் கேஸ் சுலபமாக முடிந்தது. நடந்த பிழைகளைக் காட்டும் விண்டோஸின் ஈவென்ட் வியூவரைத் திறந்தால் அந்தந்த மணிக்கு நேராக டிஸ்க் என்ற பெயரில் 153, 7 என்ற எண்கள் இருந்தன. 153 என்றால் படிக்கப் போனது கிடைக்காமல் மறுபடி முயன்றிருக்கிறது. 7 என்றால் டிஸ்கில் கெட்டுப்போன இடம். (பலரும் பார்த்துப் பயப்படும் கெர்னல்-பவர் 41 ஒன்றும் சொல்லாது. முறையாக அணைக்கவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். நாம்தான் பொத்தானை அமுக்கினோம்!) டிஸ்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் பார்த்தால் 199ஆம் எண் வரியில் நிறைய சிஆர்சி பிழைகள், அதாவது வழியில் சிதைந்த தகவல்கள். அது பெரும்பாலும் கேபிளின் குற்றம். டிஸ்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை 50 ரூபாய்க்குப் புதிதாக வாங்கி மாட்டினேன். அந்த எண் குறையாது, குறையவும் கூடாது, ஏறாமல் நின்றால் போதும். நின்றது. ஆனால் 197ஆம் எண் வரி, அதாவது படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் செக்டர்கள் (டிஸ்கின் சிறு துண்டுகள்), 8ஆக இருந்தது 24 ஆனது. அதற்கு மேல் யோசிக்கவில்லை. அன்று ராத்திரியே போட்டோக்களையும் கோப்புகளையும் வெளி டிஸ்குக்கு மாற்றிவிட்டு, அந்த வாரக் கடைசியில் 240 ஜிபி எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க், வாங்கினேன். எச்61 பலகையில் சாட்டா வேகம் பழைய 3 ஜிகாபிட்தான், எஸ்எஸ்டியின் முழு வேகம் கிடைக்காது. ஆனாலும் இரண்டு நிமிடம் காபி குடித்துக்கொண்டு காத்திருந்த கணினி இருபது நொடியில் எழுந்தது. பழைய கணினிக்கு ஒரே ஒரு செலவுதான் செய்வேன் என்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

மாலை உறைவு அதோடு ஒழிந்தது. காலை உறைவு அப்படியே.

நோட்டில் காலைப் பதிவுகளை மட்டும் வரிசையாகப் படித்தேன். 6.40, 6.35, 6.45, 6.40. சனி ஞாயிறு 7.15. எட்டு மணிக்கு மேல் அபூர்வம். என்ன செய்துகொண்டிருந்தேன் என்ற இடத்தில் எந்த ஒற்றுமையும் இல்லை. வீட்டில் மற்றவர்கள் அப்போது என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று யோசித்தபோதுதான் பொறி தட்டியது. அந்த நேரத்தில் அத்தை மோட்டார் போடுவார்.

எங்கள் வீட்டில் ஒரு குதிரைத்திறன் போர்வெல் மோட்டார். இப்படிப்பட்ட மோட்டார் கிளம்பும் கணத்தில், ஓடும்போது இழுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு மின்சாரத்தை இழுக்கும். அந்தக் கணம் வீட்டு விளக்கெல்லாம் ஒரு முறை கண்ணடிக்கும். அப்படி மின்சாரம் ஒரு கணம் தடுமாறினாலும் கணினிக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வது எஸ்எம்பிஎஸ் உள்ளே மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெபாசிட்டர்களின் வேலை. நல்ல எஸ்எம்பிஎஸ் 16, 17 மில்லிநொடி வரை கையிருப்பிலிருந்தே கொடுத்துச் சமாளிக்கும். கெபாசிட்டர் காய்ந்து போனால் அந்தக் கையிருப்பு இருக்காது. சில கணினிகள் அப்போது அணைந்து மறுபடி கிளம்பும். எங்களுடையது நின்றது. எங்கள் யூபிஎஸ்ஸின் பேட்டரி 2019லேயே போய், கணினியைச் சுவரில் நேராகச் செருகியிருந்தோம்.

உடனே பழைய செய்தியும் பொருந்தியது. ரப்பர் போட்ட அந்தப் பதினோரு நாளும் மோட்டார் காயில் கட்டக் கடைக்குப் போயிருந்தது. லாரித் தண்ணீரில் ஓட்டினோம். மகளின் ரப்பருக்கு நான் கொடுத்த பெருமையை வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

சரி, சோதித்துப் பார்த்துவிடுவோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். அத்தை சுவிட்சருகே.

"போடட்டுமா?"

"போடுங்க அத்தை."

"நின்னுச்சா?"

"இல்ல. நிறுத்திட்டு கொஞ்ச நேரம் கழிச்சுப் போடுங்க."

நான்காம் முறை திரை நின்றது. நம் லாக் அசையவில்லை. "ஏம்மா, இதுக்குத்தான் ஒரு வருஷமா என்னைப் பார்த்துக் கத்தினியா?" என்றார் அத்தை. நான் அவரைப் பார்த்துக் கத்தவில்லை, கணினியைப் பார்த்துத்தான் கத்தினேன். அதை அவர் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

எஸ்எம்பிஎஸ்ஸை நீங்களே திறக்காதீர்கள். உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேக்கி வைத்திருக்கும், செருகியைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். நான் கழற்றி ரிச்சி தெருவுக்கே எடுத்துப் போனேன். கடைப் பையன் திறந்து காட்டினான். மூன்று கெபாசிட்டர்களின் தலை இட்லி மாதிரி உப்பி, ஒன்றில் பழுப்பாக ஏதோ கசிந்து காய்ந்திருந்தது. "அக்கா, இது 450 வாட்னு ஸ்டிக்கர்லதான் இருக்கு" என்றான். புதிது 2,000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. மாட்டிய அன்று அத்தையைக் கெஞ்சிப் பத்து முறை மோட்டாரைப் போட்டு நிறுத்தச் சொன்னேன். மெய்ப்பில் இருந்த கர்சர் அசராமல் இமைத்துக்கொண்டிருந்தது. யூபிஎஸ்ஸுக்கும் புது பேட்டரி போட்டோம்.

அதன் பிறகு இரண்டரை வருடம் ஓடிவிட்டது. நடுவில் ஒரே ஒரு சில்லறைப் பிரச்சினை: கணினி எழும்போதெல்லாம் தேதி பல வருடம் பின்னால் போய், எந்த வலைத்தளமும் திறக்கவில்லை. மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பொத்தான் பேட்டரி தீர்ந்திருந்தது, மாற்றியதும் சரியானது.

2025 அக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 இந்த ஐ3ஐ உள்ளேயே விடாது, இன்டெல்லில் எட்டாம் தலைமுறை வேண்டும் என்கிறது, இது மூன்றாம் தலைமுறை. லினக்ஸ் மின்ட் போட்டேன். தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது, பிடிஎஃப் திறக்கிறது, பிரிண்டர் மட்டும் ஒரு நாள் அழ வைத்தது. பழைய எழுத்துருவில் வரும் சில கோப்புகளுக்காகப் பதிப்பகத்தாரிடம் யூனிகோடில் அனுப்பச் சொல்லிக் கேட்கிறேன், பாதிப் பேர் அனுப்புகிறார்கள்.

நோட்டில் இன்னும் பதினேழு பக்கம் மிச்சம் இருக்கிறது. இப்போது அது சுவிட்சுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. மோட்டார் போட்ட நேரத்தையும் நிறுத்திய நேரத்தையும் அத்தை அதில் எழுதி வைக்கிறார்.