வீட்டு பிரஷர் மிஷின்: பத்து மாத அனுபவம்

வயிற்றில் ஓடும் பெரிய ரத்தக்குழாயான பெருந்தமனியில் 4.2 செ.மீ. வீக்கம் என்று ஸ்கேனில் தெரிந்த அன்றே வாங்கிய மிஷின் இது. பொதுவாக ஆண்களுக்கு 5.5 செ.மீ. ஆனால்தான் ஆபரேஷன் பேச்சு, அதுவரை அவ்வப்போது ஸ்கேன் எடுங்கள், சிகரெட்டை விடுங்கள், பிரஷரைக் கட்டுக்குள் வையுங்கள் என்றார் டாக்டர். சரி, காத்திருப்பதுதானே என்று நினைத்தேன். அதுதான் கஷ்டமே.

மிஷினில் எண்கள் பெரிதாக இருக்கின்றன, கண்ணாடி போடாமலே படிக்கலாம். பழைய அளவுகள் பதிவாகி இருப்பதால் டாக்டரிடம் அப்படியே காட்டிவிட்டேன். ஆனால் கூட வந்த பட்டை என் கைக்குச் சின்னது. சின்னப் பட்டை பிரஷரை உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும் என்று தெரியாமல் ஒரு வாரம் 160ஐப் பார்த்துப் பார்த்துச் செத்தேன். பெரிய பட்டை மாட்டியதும் 138. பெட்டியில் இதை ஒரு வரி கொட்டை எழுத்தில் போட்டிருக்கக் கூடாதா?

ஒருநாள் ராத்திரி மல்லாந்து படுத்திருக்கும்போது தொப்புளுக்கு மேலே துடிப்பது கைக்குத் தட்டுப்பட, எழுந்து ஏழு தடவை அளந்தேன், ஒவ்வொரு தடவையும் ஏறிக்கொண்டே போனது, பீப் சத்தத்தில் விழித்த மனைவி பேட்டரியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டாள். இப்போது காலை, மாலை மட்டும்தான். 5 நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, பேசாமல், இரண்டு தடவை.

5க்கு 4 கொடுக்கிறேன். பட்டைக்காக ஒன்று போச்சு. பேட்டரி இன்னும் அவளிடம்தான்.