டபிள்யூபிஎஃப்: ஒன்பது வருஷமா ரெண்டு மரம் ஏறுறேன்

போன வாரம் நண்பன் ஒருத்தன் கேட்டான்: "மச்சி, விண்டோஸ் டெஸ்க்டாப்புக்குப் புதுசா ஒண்ணு எழுதணும். டபிள்யூபிஎஃப் எடுக்கலாமா?" (டபிள்யூபிஎஃப்னா விண்டோஸ் ப்ரோக்ராமுக்குத் திரை கட்டுற மைக்ரோசாஃப்ட் கருவி.) கேட்ட நேரம் சரியில்லை. அன்னைக்குத்தான் ஒரு கிராஷைத் துரத்தி மூணு நாளைத் தொலைச்சிருந்தேன்.

2006ல டாட்நெட் 3.0 கூட வந்தது, 2018 கடைசியில ஓப்பன் சோர்ஸ் ஆனது, டேட்டா பைண்டிங் (டேட்டாவைத் திரையோட கட்டிவிடுறது), டெம்ப்ளேட் (பட்டன் மாதிரி ஒரு கண்ட்ரோல் எப்படித் தெரியணும்னு சொல்ற அச்சு) எல்லாம் பலருக்குத் தெரிஞ்சிருக்கும். அதுக்குள்ள போகலை. எனக்கு இருக்கிறது ஒரே புகார்: மரம், அதாவது திரையில எதுக்குள்ள எது இருக்குன்னு சொல்ற அமைப்பு.

டபிள்யூபிஎஃப்புக்கு முந்தின கருவியான வின்ஃபார்ம்ஸ்ல இந்தத் தலைவலி கிடையாது. ஒவ்வொரு கண்ட்ரோலுக்கும் ஒரு பேரண்ட், உள்ளே ஒரு கண்ட்ரோல்ஸ் பட்டியல், அவ்வளவுதான். இங்கே மரம் ரெண்டு. திரையை விவரிக்கிற ஸாமல் (XAML) மொழியில நான் எழுதினதை ஒட்டி வர்றது லாஜிக்கல் ட்ரீ. திரையில வரையறதுக்காக டெம்ப்ளேட் கொண்டுவந்து கொட்டுறதையும் சேர்த்தது விஷுவல் ட்ரீ. நான் எழுதினது ஒரு பட்டன். திரையில அது பட்டன், உள்ளே பார்டர், அதுக்குள்ள கண்டென்ட் பிரசென்டர் (உள்ளடக்கத்துக்கு இடம் கொடுக்கிறது), அதுக்குள்ள டெக்ஸ்ட்பிளாக் (எழுத்தைக் காட்டுறது). அந்த பார்டர்கிட்ட போய் "உன் பேரண்ட் யாரு?"ன்னு கேட்டா null, யாருமே இல்லைன்னு பதில்... டெம்ப்ளேட்டட் பேரண்ட்னு வேற ஒரு ப்ராப்பர்ட்டியில கேட்டாத்தான் பட்டனைக் காட்டும். விண்டோஸ் 7ல அதே இடத்துல பார்டரே கிடையாது, பட்டன் குரோம்னு வேற ஒண்ணு உட்கார்ந்திருந்தது. முதல் பிள்ளை இதுதான்னு நம்பி கேஸ்ட் பண்ணினவங்க, அதாவது கோட்ல அதை அந்த வகைன்னே வச்சுக்கிட்டவங்க எல்லாம் விண்டோஸ் 8 வந்தப்போ வாங்கிக் கட்டிக்கிட்டாங்க. நானும்தான்.

இப்ப அந்த மூணு நாள் கதை. எங்க பில்லிங் சாஃப்ட்வேரை ஓட்டுற கணக்குப் பிரிவு அக்கா போன் பண்ணினாங்க. "தம்பி, பார்ட்டி பேரைத் தேடிட்டு, அந்தப் பேர் மேலயே ரெண்டு தட்டு தட்டினா சாஃப்ட்வேர் மூடிக்குதுங்க. பக்கத்துல வெள்ளையா இருக்கற இடத்துல தட்டினா பில் நல்லாத் திறக்குது." நான் நம்பலை. பழக்க தோஷத்துல தொகை இருக்கிற பத்தியிலயே (column) டபுள் கிளிக் பண்ணிப் பார்த்துட்டு "இங்க நல்லாத்தானே வருது"ன்னு ரெண்டு நாள் சாதிச்சேன்.

அக்கா சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை. அதுக்கு முந்தின அப்டேட்ல, தேடின வார்த்தையை மஞ்சள்ல காட்டணும்னு பேரை மூணு துண்டா, அதாவது மூணு ரன்னா, உடைச்சிருந்தேன். சும்மா எழுத்து மட்டும் இருந்தா கிளிக்கோட ஒரிஜினல் சோர்ஸ், அதாவது தட்டு எதுமேல விழுந்துச்சுங்கிறது, டெக்ஸ்ட்பிளாக். ரன்னா உடைச்சுட்டா, எழுத்து மேல தட்டும்போது சோர்ஸ் அந்த ரன். எந்த வரிசைன்னு கண்டுபிடிக்க, எல்லாரும் எங்கிருந்தோ காப்பி அடிச்சு வச்சிருக்கிற அதே லூப்தான் என்கிட்டயும்: டேட்டாகிரிட்ரோ, அதாவது அட்டவணையோட அந்த வரிசை, கிடைக்கிற வரைக்கும் விஷுவல்ட்ரீஹெல்பர்ல கெட்பேரண்ட்னு மேல ஏறிக்கிட்டே போறது. ரன் விஷுவலே இல்லை, விஷுவல் ட்ரீயிலயே அது கிடையாது. "இது விஷுவலும் இல்லை, விஷுவல்3டியும் இல்லை"ன்னு எக்செப்ஷனை எறிஞ்சுது, அக்காவோட பாதி பில் போச்சு. தீர்வு ரெண்டு வரி: விஷுவலா இருந்தா இந்த ஹெல்பர், இல்லைன்னா லாஜிக்கல்ட்ரீஹெல்பர். ஏன் ஒரே ஹெல்பர் ரெண்டையும் பார்த்துக்கக் கூடாது? ஒன்பது வருஷமாக் கேட்டுட்டு இருக்கேன்.

கிராஷாவது பரவாயில்லை, சத்தம் போட்டுச் சாகும். கான்டெக்ஸ்ட் மெனு சத்தமே போடாது. அது தனி பாப்அப்ல, தனி மரத்துல தொங்குது. அதுக்குள்ளிருந்து ஃபைண்ட்ஆன்செஸ்டர் (மரத்துல மேல ஏறித் தேடுறது) போட்டு விண்டோவைத் தேடினா, அவுட்புட் விண்டோல "டேட்டா எரர்: 4"ன்னு ஒரு வரி வரும், மெனுவை அழுத்தினா ஒண்ணும் நடக்காது. பிளேஸ்மென்ட் டார்கெட் (மெனு எதுமேல திறந்துச்சோ அது) வழியாச் சுத்திக்கிட்டுப் போகணும். டேட்டாகிரிட்டோட பத்தி (column) இன்னும் மோசம், ரெண்டு மரத்துலயும் இல்லாத அநாதை. அதோட விசிபிலிட்டியை (காட்டணுமா மறைக்கணுமாங்கிறதை) பைண்ட் பண்ண, ஃப்ரீசபிள்ங்கிற கிளாஸை வச்சு ஒரு ப்ராக்ஸி, அதாவது இடைத்தரகு, கிளாஸ் எழுதி ரிசோர்ஸ்ல வைக்கணும். இதையெல்லாம் யார் முதல்ல கண்டுபிடிச்சாங்களோ, கையெடுத்துக் கும்பிடணும்.

நியாயமாப் பேசணும்னா, இந்த மரத்தாலதான் சோறும். பட்டனுக்குள்ள படம், படத்துக்குப் பக்கத்துல செக்பாக்ஸ், எதை வேணா சொருகலாம், யாரும் ஏன்னு கேட்கிறதில்லை. அப்புறம் ஸ்னூப், ஓடுற ப்ரோக்ராமோட மரத்தைக் காட்டுற கருவி. கன்ட்ரோல், ஷிஃப்ட் ரெண்டையும் அழுத்திட்டு மவுஸை எதுமேல கொண்டு போனாலும் அதோட வம்சாவளியே வந்து நிற்கும். லிஸ்ட்பாக்ஸ்ல தொகை வலது ஓரத்துக்குப் போகமாட்டேன்னு ஒருநாள் அடம் பிடிச்சுது. என் கிரிட்ல எல்லாம் சரி. ஸ்னூப்ல பார்த்தா நடுவுல ஒரு கண்டென்ட் பிரசென்டர் இடது பக்கம் ஒண்டிக்கிட்டு நிற்குது. லிஸ்ட்பாக்ஸ்ஐட்டத்துல ஹாரிசான்டல் கண்டென்ட் அலைன்மென்ட் ஸ்ட்ரெட்ச்னு போட்டேன், கண்ணெதிர்லயே நகர்ந்து போய் ஒட்டிக்கிச்சு. அந்த மாதிரி ஒரு நிமிஷத்துக்காக நிறைய மன்னிக்கலாம்.

ஆனா நண்பனுக்குச் சொன்னது, "எடுக்காதடா. வின்ஃபார்ம்ஸ்ல எழுதிட்டு நிம்மதியாத் தூங்கு."

"சரி, நீ இப்ப எழுதுறது எதுல?"ன்னு கேட்டான்.

டபிள்யூபிஎஃப்தான். ஆரம்பிச்சு ரெண்டு வாரம் ஆகுது. அதே பழைய லூப்பைத்தான் முதல் நாளே ஒட்டியிருந்தேன். நேத்து ராத்திரி அதுலயும் போய் அந்த ரெண்டு வரியைச் சேர்த்தேன்.